ஹருயே குடிக்காத தண்ணீர்

தாகத்தோடு வந்தவரிடம் ஊரையும் பேரையும் விசாரிக்கிற வழக்கம் எங்கள் தெருவில் என்றைக்கும் இருந்ததில்லை, ஆகவே ஹிரோஷிமாவில் செத்துப்போனவர்கள் கடலெல்லாம் கடந்து தூத்துக்குடிக்கு வந்து எங்கள் குடங்களில் தண்ணீர் குடித்துவிட்டுப் போன கதையைச் சொல்ல எனக்கு யாருடைய சாட்சியும் வேண்டியதில்லை. அந்தத் தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான்தான், என் கடைக் கூஜாவிலும் அவர்கள் குடித்திருக்கிறார்கள். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகிறபோது ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும், வெளியே வெயில் அதிகம்.

எங்கள் ஊரில் கடல் உண்டு, உப்பளம் உண்டு, திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர் உண்டு, வாயில் வைக்கத்தான் எதுவும் ஆகாது. அடிபம்பில் வருவது உப்பு. முனிசிபாலிட்டி குழாயில் வருவது பெரும்பாலும் காற்று. பலவேசம் ஓட்டிவரும் தண்ணி லாரியின் ஹாரன் கேட்டால் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவளும் பாதியில் ஓடிவருவாள், கல்யாணப் பெண்ணாக இருந்தாலும் ஓடிவருவாள், குடத்துக்குக் குடம் இடித்துக்கொண்டு நாங்கள் போட்ட சண்டைகளில் பிறந்த பகைகள் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. இப்படிப்பட்ட தெருவைத்தான் அவர்கள் தேடி வந்தார்கள். அவர்களுக்கு வழி காட்டியது எங்கள் பூமி.

அவள் முழுப்பெயர் ஃபுமிகோ. கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போன கஸ்பார், கோபே துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் அவளைப் பார்த்து, மறு பயணத்தில் கேட்டு, அதற்கடுத்த பயணத்தில் கட்டிக் கூட்டியே வந்துவிட்டார். 'ஃ' எங்கள் நாக்கில் நிற்காது, அதனால் பூமி. வந்த புதிதில் அவளை வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டு போனது. அவள் யாரையும் யார் என்று கேட்கவில்லை, ஒவ்வொருவர் கையிலும் முதலில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள். தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற தெருவில் வந்த அன்றைக்கே அரைக்குடத்தைக் காலி செய்த புதுப்பெண்ணைப் பார்த்து, கஸ்பாரின் அண்ணன் மனைவி மெற்றில்டா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மெற்றில்டாவின் வாய் பெரிது, மனசும் பெரிது, எது முந்தும் என்பது அன்றைய வெயிலைப் பொறுத்தது. அவள்தான் பூமிக்குச் சாளை மீன் கழுவக் கற்றுக்கொடுத்தாள், ஜெபமாலை சொல்லக் கற்றுக்கொடுத்தாள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தாள்: தம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும், வாய் வைத்ததை அடுத்தவருக்கு நீட்டவே கூடாது. "எச்சித் தண்ணிய நாய்க்குக்கூட வைக்கப்பிடாது, கேட்டியா?" என்று அவள் சொன்னதைப் பூமி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பாடம் சொன்னவளே கவனிக்காத ஒன்று இருந்தது. பூமி தேத்தண்ணீர் குடிப்பாள், பழைய சோற்று நீச்சத்தண்ணீர் குடிப்பாள், இளநீர் குடிப்பாள், வெறும் தண்ணீரை மட்டும் குடிக்கவே மாட்டாள். கேட்டால் பழக்கமில்லை என்பாள். ஜப்பான்காரர்கள் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று நாங்கள் முடிவு கட்டினோம். உலகத்தைப் பற்றி எங்களுக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

கஸ்பார் கண்ணை மூடிச் சில வருஷம் கழித்து, பனிமய மாதா திருவிழா முடிந்த மறுநாள், சப்பரம் வந்த தெருவெல்லாம் பூவும் பொரியும் மிதிபட்டுக் கிடக்க, மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து கோதண்டம் என்ற நிருபர் வந்து இறங்கினார். அணுகுண்டு விழுந்து அன்றைக்கு நாற்பது வருஷம். அந்த அழிவிலிருந்து தப்பிய ஒரு பெண் தூத்துக்குடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எந்தக் கப்பல்காரரோ அவரிடம் சொல்லியிருக்கிறார். எங்களுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்தவளிடம் நாங்கள் கேட்ட கேள்வியெல்லாம் மீன் விலைதான்.

பூமி வழக்கம்போல அவர் கையில் முதலில் தண்ணீரைக் கொடுத்தாள். வாசலை அடைத்துக்கொண்டு மெற்றில்டா, அவள் தோளுக்கு மேல் நான், எனக்குப் பின்னால் பாதித் தெரு. கோதண்டம் படித்தவர் கேட்கிற கேள்வியாகக் கேட்டார். அந்த வெளிச்சம் எப்படி இருந்தது, சத்தம் கேட்டதா, மேகம் என்ன நிறம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"எல்லாரும் வெளிச்சத்தத்தான் கேப்பாவ," என்றாள் பூமி. "வெளிச்சம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிட்டுய்யா. மத்தியானத்த யாரும் கேக்க மாட்டேங்காவ. மத்தியானந்தான் போவே மாட்டேங்கு."

பிறகு அவள் அந்த மத்தியானத்தைச் சொன்னாள். குண்டு விழுந்தால் தீ பரவாமலிருக்க இடித்துப்போட்ட வீடுகளின் ஓடும் கட்டையும் பொறுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தார்கள், அவள் ஒரு சுவருக்குப் பின்னால் குனிந்திருந்தாள், சுவர் அவள்மேல் விழுந்து அவளைக் காப்பாற்றியது, கூட்டாளி ஹருயே வெளியே வெட்டவெளியில் நின்றிருந்தாள். இவள் கல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து தேடித் தேடி, மத்தியானம் ஆற்றங்கரையில் அவளைக் கண்டுபிடித்தது முகத்தை வைத்து அல்ல, குரலை வைத்துத்தான்.

"'தண்ணி தா ஃபுமி'ன்னா. கரையில கெடந்த அத்தன பேரும் தண்ணி தண்ணின்னுதான் சொல்லுதாவ. எந் தோள்ல குப்பி, குப்பி நெறையத் தண்ணி. ஒரு பெரிய மனுசர் ஓடியாந்து, வெந்தவியளுக்குத் தண்ணி குடுத்தா உசுரு போயிரும், குடுக்காதன்னாரு. நான் குப்பியச் சட்டைக்குள்ள ஒளிச்சிக்கிட்டேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா. சாயங்காலம் செத்துப் போயிட்டா. தண்ணி குடிக்காமலே செத்துப் போயிட்டாய்யா."

அவ்வளவு காலமும் அவள் யாரிடமும் சொல்லாதது அது, கஸ்பாரிடமும் சொன்னதில்லை. கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்ளரைத் தூக்கி வாயில் சாய்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. அதுவரை அவர் அதில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, நாங்கள் அத்தனை பேரும் சாட்சி.

அன்றே எங்கள் தெருவில் குடிதண்ணீர் குடத்தில் நிற்பது நின்றுபோனது. காலையில் பிடித்தால் மத்தியானத்துக்குள் காலி, குடம் ஓட்டையில்லை, தரை நனையவில்லை, மூடி வைத்தது மூடி வைத்தபடி இருக்கும், திறந்தால் உள்ளே காற்றுதான். முதலில் நாங்கள் செய்தது எங்களுக்குத் தெரிந்ததைத்தான். பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினோம், அவள் எங்களைத் திட்டினாள், இருவரும் சேர்ந்து பலவேசத்தைத் திட்டினோம், லாரித் தண்ணீரில் எதையோ கலந்து அது ஆவியாகப் போகும்படி செய்கிறான் என்று அவன் சட்டையைப் பிடிக்கிறவரை போய்விட்டது.

"தண்ணிக்குள்ள நான் என்னத்தல கலப்பேன், தண்ணியவா?" என்று அவன் கத்தினான். அந்த நேரம் பார்த்துத்தான் லாரிக்குக் கீழே வைத்திருந்த அண்டாவிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று, ரொம்பத் தூரம் நடந்துவந்தவர் குடிக்கிற சத்தம். ஒருவர் குடித்து முடித்ததும் அடுத்தவர். யாரும் முண்டவில்லை, யாரும் முந்தவில்லை. எங்கள் தெருவில் தண்ணீருக்கு ஒழுங்காக வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தான் முதல்.

தெருச் சிலுவை நிற்கிற குருசடி முன்னால் கூடிப் பேசினோம். பேச்சு என்று சொன்னால் அது மரியாதை. பூமி வாய்திறந்ததால்தானே வந்தார்கள், அவர்களைப் போகும்படி அவளே சொல்லட்டும் என்று ஒரு கூட்டம்; மெட்ராஸ்காரரைப் பிடித்து வண்டியேற்றினால் சரியாகும் என்று இன்னொரு கூட்டம். பூமி தலைகுனிந்து நின்றாள். "நான் சொல்லிருக்கப்பிடாது. சொன்னதத் திருப்பி வாங்க முடியும்னா வாங்கிருதேன்," என்றாள்.

மெற்றில்டா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள். அன்றைய வெயிலில் மனசு முந்திவிட்டது.

"நாப்பது வருசமாத் தண்ணி தண்ணின்னு அலஞ்சி வந்துருக்காவ. இந்த ஊரு வாசல்ல நின்னு கேக்காவ. போங்கன்னு சொல்ல எந்த வாயி வரும்? வருதவியள் முன்னால வாங்க, அந்த வாயப் பாக்கேன்!"

ஒரு வாயும் முன்னால் வரவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் தெரு, தண்ணீர்ப் பந்தல் போட்ட தெருவானது. நிழல் விழுகிற சுவரோரமாக வீட்டுக்கு ஒரு பாத்திரம் வைத்தோம், பித்தளையும் மண்ணும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் சீர்வரிசைபோல நீண்டன, பலவேசம் யாரிடமும் சொல்லாமல் ஒரு நடை கூடுதலாக அடித்தான், நாங்கள் குளிப்பதைக் குறைத்தோம், துவைப்பதை உப்புத்தண்ணீருக்கு மாற்றினோம், பேயோட்ட வந்த பங்குச் சாமியார் அந்தச் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கோயிலிலிருந்து ஒரு அண்டாவை அனுப்பிவைத்தார். வந்தவர்களும் மானஸ்தர்கள். நாங்கள் வெளியே வைக்கத் தொடங்கியபிறகு வீட்டுக்குள்ளிருந்த ஒரு சொட்டைத் தொடவில்லை, வைத்ததைத்தான் குடித்தார்கள், குடித்த பாத்திரங்களை வாய் ஒரே பக்கமாகப் பார்க்க வரிசையாக அடுக்கிவிட்டுப் போனார்கள். தொட்டால் பாத்திரம் சுடும், கொஞ்ச நேரம் போனால் ஆறிவிடும். யாரோ நன்னாரி சர்பத் கலந்து வைத்துப் பார்த்தார்கள், அதையும் குடித்துவிட்டு எலுமிச்சங்கொட்டையை மட்டும் ஓரமாக வைத்திருந்தார்கள். உப்பளத்து வேலை முடிந்து வருகிறவர்கள் அந்தச் சுவரைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றினார்கள், யாரும் சொல்லிக் கழற்றவில்லை. கோதண்டம் இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதி அனுப்பினார். அவர் ஆசிரியர் குண்டு, நெருப்பு, ஆறு எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்ததை மட்டும் வெட்டிவிட்டார், நம்பும்படியாக இல்லையாம். ஒரே ஒரு குண்டில் ஒரு ஊரே வெந்ததை நம்பினவருக்கு, வெந்தவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்பதை நம்ப முடியவில்லை.

கதை இதோடு நின்றிருந்தால் நாங்கள் நல்லவர்கள் என்ற பெயரோடு போயிருக்கும். ஆனால் பூமியின் தம்ளர் காலியாகவில்லை.

அத்தனை பாத்திரத்துக்கும் நடுவில் அவள் ஒரு பித்தளைத் தம்ளரில் நிரம்ப ஊற்றி வைப்பாள். வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடையில் வைத்து இடுப்புவரை குனிவாள், குனிந்தபடியே பின்னால் நகர்ந்து போவாள். மத்தியானம் எல்லாம் வற்றியிருக்கும், அது மட்டும் தளும்பத் தளும்ப இருக்கும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள், தம்ளர் தங்கமாக மின்னியது, தண்ணீர் அப்படியே இருந்தது. வெள்ளைத் துணியில் வடிகட்டி வைத்தாள். காய்ச்சி ஆறவைத்து வைத்தாள். புதுத் தம்ளர் வாங்கி, யார் உதடும் யார் விரலும் படாமல், மெற்றில்டா கற்றுக்கொடுத்த அத்தனை சுத்தத்தோடும் வைத்தாள். பக்கத்தில் என் உடைந்த கூஜாவில் குடித்தார்கள், பலவேசத்தின் எண்ணெய் டின்னில் குடித்தார்கள், அவள் தண்ணீரை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"மத்தவிய எல்லாரும் அவளுக்காக விட்டுக் குடுக்காவ. இது ஹருயேக்குள்ள தண்ணின்னு அவியளுக்குத் தெரியும்," என்றாள் பூமி. "அவ வந்துதான் நிக்கா. எங்கிட்ட வாங்க மாட்டேங்கா. நான் குடுக்கலல்லா, அவளும் குடிக்க மாட்டா."

அப்புறம் அவள் சோற்றையும் குறைத்துக்கொண்டாள். தேத்தண்ணீரும் வேண்டாமென்றாள். ஆவணி வெயிலில், உதடு வெடித்து, அந்தத் தம்ளருக்கு எதிரே சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்தே இருந்தாள். அவளும் அவர்களோடு போய்விடுவாள் என்று எங்களுக்குப் பயம் வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் கடையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். டாக்டர் வந்து பாட்டில் ஏற்ற வேண்டும் என்றார். கோதண்டம் மெட்ராஸுக்குத் திரும்பாமல் அவள் பக்கத்திலேயே இருந்து, அந்தப் பிள்ளை எப்படிச் செத்தாள், என்ன சொல்லிக்கொண்டு செத்தாள், கடைசியாகக் கையைத் தூக்கினாளா என்று மறுபடியும் மறுபடியும் கேட்டுப் பார்த்தார், அதில் ஏதாவது வழி கிடைக்கும் என்ற நல்லெண்ணம்தான். மெற்றில்டா அவரைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள்.

"செத்ததையே கேட்டுக்கிட்டிருக்கியளே தம்பி. விருந்தாளி வந்தா எப்பிடிச் செத்தன்னா கேப்பாவ?" என்றவள் பூமியின் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "ஏட்டி பூமி, அந்தப் பிள்ள உசுரோட இருக்கப்ப எப்பிடித் தண்ணி குடிக்கும்? சூடாவா, ஆறவச்சா, சீனி போட்டா? அதச் சொல்லு, அது மாதிரி வைப்போம்."

பூமி தம்ளரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை உலகத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"அவட்டக் குப்பி கெடையாது மைனி. எனக்குள்ள தகரக் குப்பிதான் ரெண்டு பேருக்கும். மலப்பக்கம் போவோம், ஊத்துத் தண்ணி பிடிப்போம், நல்ல தண்ணியோ கெட்ட தண்ணியோ தெரியாதுல்லா. குப்பிக்காரிதான் மொதல்ல குடிக்கணும்பா. ஒனக்கு ஒண்ணும் ஆவலன்னா நான் குடிக்கேன்பா." வெடித்த உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. "பயந்தாங்கொள்ளி. நான் வாய வச்சுக் குடிச்சிட்டு, பாரு உசுரோடதான் இருக்கேன்னு காட்டினாத்தான் வாங்குவா. வாங்கினா மொத்தமும் குடிச்சிருவா. ஆனா அடியில ஒரு மடக்கு வச்சிருப்பா. கடைசி மடக்கு குப்பிக்காரிக்கு. அது என்ன கோவமா இருந்தாலும் வைப்பா."

மெற்றில்டா எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அடிப் பாவி மட்ட," என்றாள், பூமியை அல்ல, தன்னைத்தான். "வெந்தவியளுக்குத் தண்ணி குடுத்தா செத்துருவாவன்னு சொன்னத அந்தப் பிள்ளையும் கேட்டுக்கிட்டுத்தான கெடந்துருக்கும்? இது நல்ல தண்ணியான்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? நாந்தான ஒன்ன வாய வைக்காதன்னு போட்டு அடக்கினேன். இப்ப நானே சொல்லுதேன். எடுத்து வாய வச்சுக் குடி. எச்சியாக்கிக் குடு."

சுற்றி நின்றவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறந்தவர்களுக்கு எச்சில் தண்ணீரா என்று யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள். மெற்றில்டா திரும்பிப் பார்த்த பார்வையில் மாதாவே வாயைப் பொத்தியிருப்பாள்.

பூமி தம்ளரை எடுத்தாள். தண்ணீர் விரல்மேல் சிந்தியது. நாற்பது வருஷம் அவள் வெறும் தண்ணீரைக் குடித்ததில்லை, ஏன் என்று அப்போதுதான் எங்கள் மரமண்டைகளுக்கு ஏறியது. "எனக்கு அந்தத் தகுதி இல்ல மைனி," என்றாள். "தகுதிக்கு ஆரு குடிக்கா, தாகத்துக்குத்தான குடிக்கா? குடிட்டி," என்றாள் மெற்றில்டா, அழுதுகொண்டே அதட்டினாள். பூமி கண்ணை மூடி, விளிம்பில் உதட்டைப் பதித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை குடிப்பதுபோல முகத்தைத் தம்ளருக்குள் புதைத்துக் குடித்தாள். தொண்டை பழகாமல் புரையேறியது, இருமினாள், கண்ணெல்லாம் நீர், மறுபடி குடித்தாள். பாதி ஆனதும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தடவை குனியாமல், நிமிர்ந்து நின்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பாஷை தெரியாது, ஆனால் என்ன சொன்னாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. ஆடியில் புறப்பட்ட காற்று கடல் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து எங்கள்மேல் கொட்டிவிட்டுப் போனது, குருசடி மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து எழுந்து போனது, பலவேசம் வாய்க்குள் எதையோ ஜெபித்தான், அவன் அய்யனார் கோயில்காரன்.

பிறகு கேட்டது. மற்றவர்கள் குடிக்கிற மடக் மடக் அல்ல, சின்னப் பெண்ணின் தொண்டைச் சத்தம், அவசரமாக, இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அவசரமாக. தம்ளரில் தண்ணீர் இறங்குவதை நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கி, இறங்கி, அடியில் போய் நின்றது.

அடியில் ஒரு மடக்கு மிச்சமிருந்தது.

பூமி தரையில் உட்கார்ந்து தம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். சூடாக இருந்திருக்க வேண்டும், கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கடைசி மடக்கை வாயில் விட்டு, விழுங்காமல் வெகு நேரம் வைத்திருந்து விழுங்கினாள். விழுங்கிவிட்டு உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, எங்களையெல்லாம் முதன்முதலாகப் பார்ப்பவள்போலச் சுற்றிப் பார்த்தாள்.

"மைனி," என்றாள். "தாகமா இருக்கு. இன்னும் கொஞ்சம் தண்ணி தருவியளா?"

நாங்கள் ஓடினோம். தெருவே ஓடியது. என் கூஜா காலி, கோயில் அண்டா காலி, அடுக்களைக்குள் அடுக்களையாகப் புகுந்து கவிழ்த்துப் பார்த்தோம், இருந்ததையெல்லாம் வாசலில் வைத்துவிட்டோம், அதை வந்தவர்கள் குடித்திருந்தார்கள், லாரி மறுநாள்தான். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் பிறந்த ஊரைவிட்டு வந்து முதன்முதலாகத் தன் வாயால் கேட்கிறாள், எங்களிடம் ஒரு வாய் தண்ணீர் இல்லை. பலவேசம் வெறும் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பியேவிட்டான்.

அப்போது மெற்றில்டா தலையைக் குனிந்துகொண்டு தன் வீட்டுக்குள் போனாள். அரிசிப் பானைக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடி, யாருக்கும் தெரியாமல் அவள் ஒளித்துவைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க நடுத்தெருவில் நடந்து வந்தாள். குடம் கழுத்துவரை நிரம்பியிருந்தது. வந்தவர்கள் அதைத் தொட்டிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் சொன்ன மெற்றில்டாவின் முகத்தை யாராலும் நேராகப் பார்க்க முடியவில்லை, அவளாலும் எங்களைப் பார்க்க முடியவில்லை.

பூமி மட்டும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குடத்தின் பக்கத்தைத் தட்டி, வந்த நாளிலிருந்து நாங்கள் கேட்டிராத பெரிய சிரிப்பாகச் சிரித்தாள்.

"குப்பிக்காரி மொதல்ல குடிக்கணும் மைனி," என்றாள்.

மெற்றில்டா குடத்தைச் சரித்துத் தம்ளரில் ஊற்றி, வாய் வைத்துக் குடித்து, மீதியை நீட்டினாள்.